ஒரு முக்காற்புள்ளியும் மூன்று மாலைகளும்

வணக்கம் நண்பர்களே. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாம் எழுதிவரும் சின்ன புரோகிராமிங் மொழியின் கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) நேற்றிரவு முதன்முறையாக, பிழைச் செய்தியில் மனிதர் பேசுவதைப் போலப் பேசியது!

சென்ற வீடியோவில் பார்த்தீர்கள். ஃபங்ஷன் திருப்பித் தரும் டைப்புக்கு (எண், எழுத்து என்பது போன்ற மதிப்பின் வகைக்கு) முன்னால் '->' போட வேண்டிய இடத்தில் ':' போட்டுவிட்டேன். டைப்ஸ்கிரிப்ட் மொழியில் ':'தான், அதில் பழகிய கை அப்படித்தான் போகும். கம்பைலர் என்ன சொன்னது? "'->' அல்லது '{' எதிர்பார்க்கப்பட்டது, ':' கிடைத்தது." இப்படிப்பட்ட செய்தி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எழுதியவர் என்ன நினைத்தார் என்ற கவலையே அதில் இல்லை. ரஸ்ட் மொழியில் இதே தவறைச் செய்து பாருங்கள். திருப்பித் தரும் டைப்பை '->' கொண்டு குறிக்க வேண்டும் என்று சொல்லி, மாற்ற வேண்டிய இடத்தையும் காட்டும். எனக்கு அதுதான் வேண்டும்.

செய்தது இதுதான். பாராமீட்டர்களின் (ஃபங்ஷன் வாங்கிக்கொள்ளும் மதிப்புகளின்) அடைப்புக்குறி மூடியதும் ':' வந்தால் பிழையைக் குறித்துக்கொண்டு, அதை '->' என்றே பாவித்துப் பார்சர் (நிரலின் அமைப்பைப் படித்துப் பிரிக்கும் கம்பைலர் பகுதி) மேலே படிக்கும். இதனால் கீழேயுள்ள மற்றப் பிழைகளும் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடுகின்றன. ஆங், ஒன்றை விட்டுவிட்டேன்! ':'க்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு டைப் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தப்பான யோசனை சொல்லும், அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு அரை மணி நேரம்தான் ஆனது. மூன்று மாலைகளை விழுங்கியது, பிழையுள்ள இடத்தை அடுத்த வரியில் சுட்டிக்காட்டும் '^' குறி! ஃபங்ஷனின் பெயர் 'கூட்டு'. ':'க்கு நேர் கீழே நிற்க வேண்டிய '^' வரியைத் தாண்டி வெட்டவெளியில் நின்றது. காரணம், நான் பைட்டுகளை எண்ணியிருந்தேன். 'கூட்டு' கண்ணுக்கு 3 எழுத்து, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 6 குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். குறியீடுகளை எண்ணிப் பார்த்தேன், அப்போதும் 3 இடம் தள்ளியே நின்றது. மெய்யையும் உயிர்மெய்யையும் ஒவ்வொரு எழுத்தாக எண்ணிய பிறகுதான், என் டெர்மினலில், என் எழுத்துருவில், கச்சிதமாகப் பொருந்தியது. எழுந்து நின்று கைதட்டினேன்.

அடுத்தது '>>'. பட்டியலுக்குள் பட்டியல் என்று டைப் எழுதினால், அவற்றை மூட முடிவில் வரும் இரண்டு குறிகளையும் சேர்த்து ரைட் ஷிஃப்ட் (பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்தும் செயல்) என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. பழைய சி++ஸிலும் இதே தொல்லைதான். '> >' என்று இடைவெளி விடச் சொல்லி ஜிசிசி என்ற கம்பைலர் பிழை காட்டும். 2011 தரநிலை வந்த பிறகுதான் அந்த இடைவெளி தேவையில்லாமல் போனது. நம் மொழியில் இடைவெளி கேட்கவே மாட்டேன். டைப் படிக்கும்போது '>>' வந்தால் பார்சரே இரண்டாகப் பிரித்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன்.