வதந்தியில் மெகாபிக்சல், மைதானத்தில் வேகம்

நேயர்களுக்கு வணக்கம். தொழில்முறை கேமரா ஒன்று புதிதாக வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டாலே முதல் கேள்வி, மெகாபிக்சல் எவ்வளவு என்பதுதான். கேனான் நிறுவனத்தின் இஓஎஸ் ஆர்1 விஷயத்திலும் இதுதான் நடந்தது. கேமரா வருவதற்கு வெகு காலம் முன்பே 45க்கு மேல் இருக்கும் என்றார்கள், படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் குளோபல் ஷட்டர் நிச்சயம் என்றார்கள். 2024 ஜூலை 17 அன்று, பாரிஸ் ஒலிம்பிக் தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது, கேமரா அறிமுகமானது. 24 மெகாபிக்சல்தான், குளோபல் ஷட்டரும் கிடையாது. பலருக்குப் பெரிய ஏமாற்றம். என்னைக் கேட்டால் அந்த 24 சரியான முடிவு.

இந்தக் கேமராவை யார் கையில் எடுக்கப்போகிறார்கள் என்று பாருங்கள். ஓட்டப் பந்தயத்தின் எல்லைக் கோட்டருகே உட்கார்ந்திருக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர்தான். கேமராவிலேயே நெட்வொர்க் கேபிள் செருகியிருக்கும், அவர் எடுக்க எடுக்கப் படங்கள் வேறெங்கோ இருக்கும் எடிட்டருக்குப் போய்க்கொண்டே இருக்கும், சில நிமிடங்களில் உலகம் முழுக்கப் பரவியாக வேண்டும். ஆர்1 நொடிக்கு 40 படம் எடுக்கிறது. பட்டனை முழுதாக அழுத்துவதற்கு முன்பே 20 படம் வரை பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியும். இதையெல்லாம் 45 மெகாபிக்சலில் செய்தால் ஒவ்வொரு படமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும், கார்டும் நிரம்பும், அனுப்புவதும் தாமதமாகும்.

வதந்திகளில் அதிகம் அடிபடாத ஒன்று இருக்கிறது, சென்சாரை, அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லை, வாசிக்கும் வேகம். திரை எதுவும் திறந்து மூடாத எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கப்படுகிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் கோல்ஃப் மட்டை நகர்ந்துவிட்டால் படத்தில் மட்டை வளைந்து தெரியும், எல்இடி விளம்பரப் பலகைகளில் கோடு விழும். வாசிக்கும் வேகம் கூடினால் இது அடங்கிவிடும். 2021இல் வந்த நிக்கான் இசட்9 45 மெகாபிக்சல் கேமராதான், ஆனாலும் திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாமல் வந்தது. அதற்குத் துணிச்சல் தந்தது இந்த வேகம்தான். ஆனால் சென்சார் தரும் மூலத் தகவலைச் சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் அதுவும் நொடிக்கு 20 படத்தோடு நின்றுவிடுகிறது.

சரி, வதந்தியில் எதை நம்பலாம்? காப்புரிமை விண்ணப்பத்தை வைத்து எழுதுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நிறுவனங்கள் கேமராவாக ஒருநாளும் வராத யோசனைக்கும் விண்ணப்பிக்கும். படக் கோப்பு மட்டும் பொய் சொல்லாது. 2021இல் இஓஎஸ் ஆர்3 வருவதற்கு முன் இப்படித்தான் உண்மை வெளியானது. அதன் மெகாபிக்சல் எவ்வளவு என்று கேனான் வாயே திறக்கவில்லை. அப்போது டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தக் கேமராவை வைத்துப் படமெடுத்த ஒருவர் படங்களை வெளியிட்டார், கோப்போடு ஒட்டியிருந்த தகவலில் அகலம் 6000, உயரம் 4000 பிக்சல் என்று இருந்தது. பெருக்கினால் 2 கோடியே 40 லட்சம், அதாவது 24 மெகாபிக்சல். செப்டம்பரில் கேனான் அறிவித்ததும் அதையேதான்.

அப்புறம் குளோபல் ஷட்டர். எல்லாப் பிக்சலையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் இந்தச் சென்சாரை, முழு ஃப்ரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் முதலில் கொண்டுவந்தது சோனி, 2023 நவம்பரில் அறிவித்த ஏ9 வரிசையின் மூன்றாம் கேமராவில். நொடிக்கு 120 படம், வளைவே கிடையாது, ஃபிளாஷை எந்த ஷட்டர் வேகத்திலும் அடிக்கலாம். அதற்கு விலையும் உண்டு. ஒளிக்கு எவ்வளவு உணர்திறன் என்று காட்டும் ஐஎஸ்ஓ எண் அதில் 250இல்தான் தொடங்குகிறது, வழக்கமான கேமராக்களில் 100. அடுத்த பெரிய கேமராவில் குளோபல் ஷட்டர் வரப்போகிறது என்று யாராவது சொன்னால், ஐஎஸ்ஓ எங்கே தொடங்குகிறது, படத்தின் இருண்ட பகுதியை வெளிச்சமாக்கினால் எவ்வளவு நாய்ஸ், அதாவது புள்ளிபுள்ளியான கறை, வருகிறது என்று அவர்களிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால், கையிலிருக்கும் கேமராவை விற்க அவசரப்படாதீர்கள்.