ஹவாய் தீவில் வளர்ந்த ஆசிரியர்கள்: சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஒரு ஆசிரியை அனுப்பியிருக்காங்க. "ஹவாய்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச சின்ன ஊர்ல வளர்ந்தவங்க டீச்சரானா அவங்க போக்கே வேற மாதிரி இருக்கும்னு சொன்னீங்க. ஊர்ப்பாசம் எல்லா கிராமத்துலயும்தானே இருக்கு? அங்க மட்டும் என்ன தனி?"

நியாயமான கேள்வி. பாசம்னு மட்டும் பார்த்தா தனியா ஒண்ணும் இல்லைங்க. நான் சொல்ல வந்தது பாசத்தை இல்ல, கடனை. கத்துக்கிட்டது உன் சொத்து இல்ல, அடுத்தவனுக்குக் குடுக்க வேண்டிய பாக்கிங்கிற எண்ணம்.

அங்க ஹுகிலாவ்னு ஒரு மீன்பிடி உண்டு. நீளமான கயித்துல டி (ti)ங்கிற செடியோட இலைகளைக் கட்டி (நம்ம டீ இல்ல), கடல்ல வளைச்சுப் போட்டு, கரையில ரெண்டு பக்கமும் நின்னு இழுப்பாங்க. இலை ஆடுறதுக்கு மிரண்டு மீன் வலைக்குள்ள போகும். கிழவி, குழந்தை யாரா இருந்தாலும் சரி, கயித்துல கை வெச்சா பங்கு உண்டு. இதைப் பார்த்தே வளர்ற பிள்ளைக்குப் பங்கு வைக்கறதைத் தனியா பாடம் எடுக்கணுமா என்ன?

ஹவாய் மொழி அறிஞரும் ஆசிரியையுமான மேரி கவேனா புக்குயியை எடுத்துக்கோங்க. பிறந்தது 1895, ஹவாய் தீவுகள்லயே பெரிய தீவுல காஊங்கிற பகுதி. பிள்ளையைத் தாத்தா பாட்டி கேட்டு வாங்கி வளர்க்கற ஹானாய் வழக்கப்படி, பாட்டிகிட்ட வளர்ந்தாங்க. அந்தக் காலத்துப் பெரியவங்க கத்துக்குடுத்த விதம் இதுதான்: கண்ணால பாரு, காதால கேளு, வாயை மூடு. நம்ம ஆளுங்களுக்கு இது அடக்குமுறையாத் தெரியலாம். ஆனா கூடவே உக்காந்து வேலை செஞ்சுக்கிட்டே கத்துக்கறப்போ, பாதி கேள்விக்குக் கையே பதில் சொல்லிடும்.

பள்ளிக்கூடமோ நேர் எதிர். 1896 சட்டத்துக்கு அப்புறம் பாடமெல்லாம் இங்கிலீஷ்லதான். ஹவாய் மொழி பேசினா தண்டனை. புக்குயியும் அதுக்குத் தப்பல. அந்தம்மா அதுக்காக முடங்கிடல. ஹொனலுலுவுல இருக்கற பிஷப் அருங்காட்சியகத்துல வேலை பார்த்தப்போ தீவு தீவாப் போய், வயசானவங்க பேச்சை டேப்ல பதிவு செஞ்சாங்க. 1957ல மொழியியலாளர் சாமுவேல் எல்பர்ட்டோட சேர்ந்து ஹவாய் மொழி அகராதி கொண்டு வந்தாங்க. 1983ல வந்த அவங்க பழமொழித் தொகுப்புல கிட்டத்தட்ட 3,000 பழமொழி இருக்கு. குடும்பத்துக்குள்ளயே பொத்தி வெச்சுக்க வேண்டிய விஷயத்தை வெளியில சொல்லலாமான்னு முணுமுணுக்கற ஆளுங்க எந்த ஊர்லதான் இல்ல? புக்குயி பாக்கியைத் தீர்த்தாங்கன்னுதான் நான் சொல்வேன்.

இதே எண்ணம்தான் ஹவாய் மொழியிலேயே நடத்தற பூனானா லியோ மழலைப் பள்ளிகள்லயும். 1984ல முதல் பள்ளி கவாய் தீவுல கெகாஹாவுல ஆரம்பிச்சாங்க. ஏன் அங்கன்னா, வீட்டுல ஹவாய் மொழியையே பேசற நீஹாவ் தீவுக் குடும்பங்கள் அந்தப் பக்கம் குடியிருந்தாங்க. பிள்ளையைக் கொண்டு விட்டுட்டுப் போயிடலாம்னு நினைச்சா நடக்காது. அம்மா அப்பாவும் மொழி கத்துக்கணும், பள்ளிக்கு வந்து உழைக்கணும். பாடமெல்லாம் இங்கிலீஷ்லதான்னு சொன்ன பழைய சட்டம் அப்பவும் இருந்துச்சு. அதை மாத்தவே ரெண்டு வருஷம் போராட வேண்டியிருந்துச்சு.

ரொம்பப் புகழவும் வேண்டாம். சின்னத் தீவுல தப்பு செஞ்சா ஒளிய இடம் கிடையாது. காலையில திட்டின பையனோட பாட்டி சாயங்காலம் கடையில எதிர்ல நிப்பாங்க. அந்த நினைப்புலயே அளந்து பேசற டீச்சர்களும் உண்டு, அது நல்லதுதான். ஆனா வேண்டியவங்க பிள்ளைன்னு கண்டும் காணாம விடறதும் அதே நெருக்கத்துலதான் வருது.

இன்னொண்ணு. 2015ல ஹவாய் கல்வி வாரியம், பிள்ளைங்ககிட்ட வளர்க்க வேண்டியதுன்னு ஆறு விஷயங்களை ஏத்துக்கிச்சு. முதல்ல வர்றது, நான் இந்த இடத்தைச் சேர்ந்தவங்கிற உணர்வு. அடுத்து பொறுப்பு. திறமை மூணாவதுதான்.