டிஸ்கஸ் மீனுக்குக் கடல் இறால் கொடுக்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து, தொட்டியில் வளர்க்க நாலு டிஸ்கஸ் மீன் வாங்கி வந்திருக்கிறார், ஒவ்வொன்றும் நாலு அங்குலம் இருக்குமாம். பிளட் வார்ம் என்கிற சிவப்புப் புழு போட்டால் பாய்ந்து வந்து தின்கின்றன, பெல்லட் என்கிற உருண்டைத் தீனி போட்டால் வாயில் வாங்கித் துப்பிவிடுகின்றன. அதில் ஒன்று மூலையிலேயே நிற்கிறது, எதையும் தொடுவதில்லை. "வீட்டுப் பக்கத்திலேயே இறாலும் சூடை மீனும் வந்து இறங்குது, வெட்டிப் போடலாமாண்ணே?" என்கிறார்.

இறால் போடலாம் தம்பி. சூடை வேண்டாம்.

முதலில் இந்த மீன் எப்படித் தின்கிறது என்று பார்த்துவிடுவோம். அமேசான் பக்கம் வெள்ளம் ஏறி நிற்கும் காட்டில், தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரக்கிளைகளுக்கு நடுவே கூட்டமாக வாழ்கிற மீன் இது. அங்கே பிடித்து வயிற்றைப் பார்த்தவர்கள் கண்டது பெரும்பாலும் பாசி, மட்கிய இலைத்தூள், அதோடு சின்னப் புழு பூச்சிகள். உடம்பு தட்டு மாதிரி அகலமாக இருந்தாலும் வாய் ரொம்பச் சின்னது. ஒரே மூச்சில் விழுங்குகிற வேலை அதற்குக் கிடையாது, நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். மணல் போட்ட தொட்டி என்றால் கவனித்துப் பாருங்கள். கீழே விழுந்த துணுக்கை உடனே எடுக்காது. தலையைச் சாய்த்து, வாயிலிருந்து தண்ணீரை 'பூ' என்று மணல் மேல் ஊதும். மணல் விலகி, துணுக்கு மேலே எழும்பிய பிறகுதான் உறிஞ்சும். எனக்கு இதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவது தெரியாது.

அதனால் கொஞ்சமாக, அடிக்கடி. உங்கள் மீன் அளவுக்கு நாளைக்கு மூன்று, நாலு வேளை போதும். 3 அங்குலத்துக்குக் கீழே என்றால் ஐந்தாறு வேளை. ஐந்து, பத்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போடுங்கள், மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். 29 டிகிரித் தண்ணீரில் கிடக்கிற இறால் துணுக்கு எவ்வளவு சீக்கிரம் நாறும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சூடை ஏன் வேண்டாம்? எண்ணெய் அதிகம், போட்ட கொஞ்ச நேரத்தில் தொட்டிக்கு மேலே படலம் கட்டும். அப்புறம் சூடை, சாளை, நெத்தலி வகைகள் பலவற்றில் பி1 வைட்டமினைச் சிதைக்கிற ஒரு நொதி உண்டு. பச்சையாகத் தினமும் கொடுத்தால் மீனுக்கு அந்தச் சத்துக் குறைந்துபோகும். மீன்தான் கொடுக்க வேண்டும் என்றால் கிழங்கான் மாதிரி வெள்ளைச் சதை மீன், அதுவும் கொஞ்சமாக. கருவாடு பக்கமே போகாதீர்கள்.

இறாலைப் படகிலிருந்து இறங்கியதும் வாங்குங்கள். கம்பெனிக்குப் போகிற சரக்கில் தலை கறுக்காமல் இருக்க மருந்து போடுவது உண்டு, அது நமக்கு வேண்டாம். தலை, ஓடு, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, கத்தியால் பொடிப்பொடியாக வெட்டுங்கள். மீனின் கண் அளவுக்கு மேல் ஒரு துண்டும் இருக்கக் கூடாது. மிக்சியில் அடித்தால் கூழாகி, தொட்டி பால் மாதிரி கலங்கிவிடும். வெட்டியதைக் கவரில் அடை மாதிரி மெல்லியதாகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்தால், வேண்டும்போது விளிம்பிலிருந்து ஒடித்து எடுக்கலாம். அதைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரில் கரையவிட்டு, டீ வடிகட்டியில் வடித்து, அந்தச் சாறைக் கொட்டிவிட்டுத் துணுக்குகளை மட்டும் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அதற்கு முன்பே ஒரு அரைக் கிலோ தயார் செய்து வைத்துக்கொண்டால் நாலு மீனுக்கு வண்டி ஓடும்.

இறால் மட்டுமே தீனி ஆகிவிடாது, இலைதழையும் உள்ளே போக வேண்டும். கீழக்கரைப் பக்கம் நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சுவார்களே, அதே கடல்பாசியைச் சீனி, பால் எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் காய்ச்சுங்கள். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் வெட்டிய இறால், வேகவைத்துப் பிழிந்த பசலைக்கீரை, கொஞ்சம் ஸ்பைருலினா என்கிற பாசிப் பொடி, ஒரு பல் பூண்டுச் சாறு கலந்து தட்டில் ஊற்றினால் உறைந்துவிடும். கொதிக்கிறபோதே கலந்தால் இறால் வெந்துவிடும், பொறுமை வேண்டும். இதைத் துருவிப் போடலாம், தண்ணீரில் சீக்கிரம் கரையாது. மாட்டு இதயம்தான் டிஸ்கஸுக்கு ராஜ தீனி என்று பல வளர்ப்பாளர்கள் சொல்வார்கள். மீன் வேகமாக வளரும், உண்மைதான். ஆனால் கொழுப்பை ஒட்ட எடுக்க வேண்டும், தண்ணீரையும் தினமும் மாற்ற வேண்டும். வாசலில் இறால் வந்து இறங்கும்போது எதற்கு அந்த வேலை?

பெல்லட் துப்புவதற்கு வருவோம். பிளட் வார்ம் ருசி கண்ட மீன் அப்படித்தான் செய்யும். ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுங்கள், அந்த அளவு மீனுக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் காலையில் பெல்லட்டை, உறைந்த பிளட் வார்மைக் கரையவிட்ட தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். ஊறினால் மெல்ல இறங்கும், வாயிலும் உறுத்தாது. ஒரு மீன் விழுங்கிவிட்டால் போதும், மற்றவை போட்டிக்கே வரும். சாக்கடைச் சேற்றில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் உயிரோடு போடாதீர்கள், நோயைக் காசு கொடுத்து வாங்குகிற கதை அது.

மூலையில் நிற்கிற மீனுக்குத் தீனியை மாற்றிப் பயனில்லை. நாலு மீன் இருந்தால் ஒன்று ரவுடி ஆகும், ஒன்று அடி வாங்கும். ஆறாக இருந்தால் அடி பிரிந்துபோகும். தொட்டியின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் தீனி போட்டுப் பாருங்கள். அதோடு தண்ணீரைச் சோதியுங்கள். போர் தண்ணீர் என்றால் நம் கடற்கரையில் பெரும்பாலும் உப்பும் கடினமும் அதிகம். காவிரிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி 26 டிகிரிக்கு இறங்கினாலே பசி குறையும், அப்போது ஹீட்டர் கட்டாயம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தின்னவில்லையா? எச்சத்தைப் பாருங்கள். வெள்ளையாக, நூல் மாதிரி தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். உடம்பு கறுத்து, நெற்றி ஒட்டிப்போயிருந்தால் தாமதிக்காதீர்கள். அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு, எச்சமும் நெற்றியும் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து, தொட்டி எத்தனை லிட்டர் என்று எழுதி அனுப்புங்கள் தம்பி. அதைப் பார்க்காமல் மருந்தும் அளவும் நான் சொல்ல மாட்டேன்.