செய்து பார்த்தவருக்கே வாங்கத் தெரியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"வீட்டிலேயே செய்து, இயற்கையோடு ஒட்டி, தற்சார்பாக வாழ்வது இன்றைய குடும்பத்துக்கு ஏற்ற வழியா, வீண் உழைப்பா?" இதுதான் தலைப்பு. ஏற்ற வழிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள். முதலில் பேசியவர் நேரக் கணக்குப் போட்டார். பத்து நிமிடத்தில் வாங்கும் பொருளுக்கு ஒரு நாளைச் செலவழிப்பது புத்திசாலித்தனமா என்று கேட்டார். அடுத்துப் பேசிய சகோதரி, வீட்டில் செய்வது ஆபத்து, 'இயற்கை' என்ற பெயரில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம் என்றார். மூன்றாமவர் சரித்திரத்துக்கே போய்விட்டார். 1862இல் அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தும் லட்சக்கணக்கானோர் பிழைக்க முடியாமல் போனார்களே, பால்கனியில் நான்கு தொட்டி வைத்துக்கொண்டு நீங்கள் தற்சார்பு பேசலாமா என்றார்.

சகோதரியின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்றில் அதுதான் கனமானது. அவர் சொன்ன ஆபத்தை நான் மறுக்கவே போவதில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டியே சொல்கிறேன்.

க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று ஒரு பாக்டீரியா மண்ணிலேயே இருக்கிறது. காற்று புகாத ஜாடிக்குள், புளிப்பு குறைந்த உணவில் இது வளர்ந்து நஞ்சைக் கக்கும். நரம்பை முடக்கி ஆளையே கொல்லக்கூடிய நஞ்சு அது. ஜாடியைத் திறந்தால் நாற்றம் வர வேண்டும் என்றுகூட இல்லை. இதன் வித்துகள் கொதிநீருக்குச் சாகாது. 100 டிகிரி போதாது, ஏறக்குறைய 121 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூடு அழுத்தத்தில்தான் கிடைக்கும். அதனால் பீன்ஸ், சோளம், இறைச்சி போன்றவற்றை ஜாடியில் அடைத்து மாதக்கணக்கில் வைக்க நினைப்பவர், ஜாடிகளை அழுத்தத்தில் சூடாக்க அதற்கென்றே உள்ள பிரஷர் கேனர் என்ற பாத்திரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், சோதித்து எழுதிய குறிப்பில் உள்ள நேரத்தை ஒரு நிமிடமும் குறைக்கக் கூடாது. மலைமேல் வசிப்பவர் அந்த உயரத்துக்கான கணக்கையும் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி இறங்கிவிடும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? இது எங்களைப் போல வீட்டில் செய்கிறவர்களின் அன்றாடப் பாடம் என்பதால் சொல்கிறேன். புளிப்பை அளக்கும் பிஎச் கணக்கில் பாதுகாப்புக்கான எல்லைக்கோடு 4.6. அதற்குக் கீழே, அதாவது புளிப்பு கூடினால், அந்த வித்து முளைக்காது. தக்காளி இருக்கிறதே, அது சரியாக அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் பழம். சில ரகம் இந்தப் பக்கம், சில ரகம் அந்தப் பக்கம். அதனால் தக்காளியை ஜாடியில் அடைக்கும்போது லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள். எந்தச் சாறு? தோட்டத்து மரத்தில் பறித்துப் பிழிந்த சாறு கூடாது. கடையில் பாட்டிலில் வரும் சாறுதான். மரத்துக்கு மரம், பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். பாட்டிலில் அது ஒரே அளவாக நிறுத்தப்பட்டிருக்கும்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தன் தோட்டத்தில் எலுமிச்சை காய்த்துத் தொங்கும்போது, 'இந்த வேலைக்கு இது ஆகாது, பாட்டில்தான் வேண்டும்' என்று ஒருவர் கடைக்குப் போகிறார். அவரைப் போலக் காரணம் தெரிந்து பொருள் வாங்குகிறவர் நம்மில் எத்தனை பேர்? எதைத் தானே செய்யலாம், எதை வாங்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதைத்தான் நாங்கள் தற்சார்பு என்கிறோம். அந்தத் தெளிவு செய்து பார்த்த கைக்குத்தான் வரும்.

அப்புறம் 'இயற்கை' என்ற ஏமாற்று. சகோதரி சொன்னது உண்மை, ஏமாற்றுகிறார்கள். வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் அற்புதமான கிளீனர் என்று ஊரெல்லாம் பேச்சு. பொங்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று அமிலம், இன்னொன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றுதான். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்ல பொருள்கள். அதே வினிகரைப் பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சோடு எதையும் கலக்காதீர்கள். இதைச் சொல்ல இந்த மேடை கிடைத்ததற்கு சந்தோஷப்படுகிறேன்.

சோப்பையும் பார்ப்போம். 'ரசாயனமே இல்லாத சோப்பு' என்று அட்டையில் அச்சிட்டு விற்கிறார்கள். வீட்டில் ஒரு முறை சோப்பு காய்ச்சியவர் அந்த அட்டையைப் பார்த்து ஏமாற மாட்டார். எண்ணெயோடு காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, சேர்ந்தால்தான் சோப்பும் கிளிசரினும் உண்டாகும். அந்தக் காரம் இல்லாமல் கட்டிச் சோப்பு கிடையாது. எண்ணெய்க்கு எண்ணெய் அளவும் மாறும். ஒரு கிலோ ஆலிவ் எண்ணெய் முழுக்கச் சோப்பாக மாற ஏறக்குறைய 135 கிராம் காரம் வேண்டும், தேங்காய் எண்ணெய்க்கு 183 கிராம். அதிலும் ஐந்து சதவீதம் குறைத்துப் போட்டால் கொஞ்சம் எண்ணெய் மீந்து தோலுக்கு இதமாக இருக்கும். கண்ணாடி, கையுறை மாட்டிக்கொண்டு, தராசில் கிராம் கணக்காக நிறுத்து, தண்ணீரில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைந்த கணத்திலேயே பாத்திரம் தொட முடியாத அளவுக்குச் சுட ஆரம்பிக்கும். இப்படிக் காரத்தின் குணத்தைக் கண்ணால் பார்த்தவர், 'இயற்கை என்றால் ஆபத்தில்லை' என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். சகோதரி கேட்ட விழிப்புணர்வை அவருடைய அணி எங்கே உண்டாக்கும்? எங்கள் அடுப்படியில்தான் அது உண்டாகிறது.

இனி நேரக் கணக்கு. நண்பர் ஒரு நாள் என்றார். சோப்புக் கலவையைத் தயாரித்து அச்சில் ஊற்ற ஒரு மணி நேரம் போதும். அதன்பிறகு நான்கு முதல் ஆறு வாரம் அது தானாகக் காயும். அந்த வாரங்களையும் உழைப்பில் சேர்த்துவிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும். ஒரு கிலோ முட்டைக்கோசைச் சீவி, 20 கிராம் உப்புப் போட்டுப் பிசைந்து, அது விட்ட நீருக்குள்ளேயே மூழ்கும்படி அமுக்கி வைத்தால், பிறகு வேலை செய்வது லாக்டிக் அமில பாக்டீரியா. நீங்கள் தூங்கும்போதும் அது புளிக்க வைத்துக்கொண்டிருக்கும்.

1932இல் நியூயார்க்கை விட்டு வெர்மான்ட் மலைப்பகுதிக்குப் போய்த் தற்சார்பாக வாழ்ந்த ஹெலன், ஸ்காட் நியரிங் தம்பதியர் தங்கள் நாளை நான்கு மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். பிழைப்புக்கான உழைப்புக்கு நான்கு, தங்கள் எழுத்துக்கும் படிப்புக்கும் நான்கு, மற்றவர்களோடு கலந்து பழக நான்கு. வீடும் தோட்டமும் விறகும் அந்த முதல் நான்குக்குள் அடங்கின. கைச்செலவுக்கு மேப்பிள் பாகு காய்ச்சி விற்றார்கள். ஆமாம், விற்றார்கள், வாங்கவும் செய்தார்கள். 'நூற்றுக்கு நூறு தற்சார்பு' என்ற பொம்மையை எதிரணியே செய்து எதிரணியே அடித்துக்கொண்டிருக்கிறது. எங்களில் யாரும் உப்பைக் காய்ச்சுகிறேன், ஜாடிக்கு மூடி வார்க்கிறேன் என்று கிளம்பவில்லை.

மூன்றாமவரின் 160 ஏக்கருக்கு வருகிறேன். அந்த நிலம் பழங்குடி மக்களிடமிருந்து பறித்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர்செய்தால் பட்டா என்பது சட்டம். ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் மழைகூட இல்லாத சமவெளியில் தனித்தனிக் குடும்பங்களாகக் கொண்டுபோய் இறக்கினால் 160 ஏக்கர் எப்படிப் போதும்? 1909இல் அந்த அரசே வறண்ட பகுதிகளுக்கு 320 ஏக்கர் என்று திருத்த வேண்டி வந்தது. மழை பொய்த்தும், அக்கம்பக்கத்தில் கைகொடுக்க ஆள் இல்லாமலும் தோற்றவர்களை, கைத்தொழில் செய்ததால் தோற்றார்கள் என்று காட்டுவது நியாயம் இல்லை.

நிலம் கொஞ்சமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது, நண்பர் அதைத் தொடவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்த 1943இல் அதே அமெரிக்காவில் கொல்லைப்புறம், காலிமனை, மொட்டைமாடி என்று சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன. நாட்டின் காய்கறியில் ஏறக்குறைய 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்ததாக மதிப்பிடுகிறார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்து, 1990களில் கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எரிபொருளும் உரமும் நின்றபோது, ஹவானா மக்கள் நகரத்துக்குள்ளேயே காலி இடங்களில் மேட்டுப்பாத்தி கட்டிக் காய்கறி விளைவித்தார்கள். 2020 பொதுமுடக்கத்தில் பல நாடுகளில் கடைகளில் ஈஸ்ட் கிடைக்கவில்லை. மாவும் தண்ணீரும் கலந்து, தினம் கொஞ்சம் புது மாவு ஊட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் அதுவே பொங்கி ரொட்டிக்கு ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் வரவில்லை. தன் கையே தனக்கு உதவி என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது. விதையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன் நடுவர் அவர்களே, அதைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனம் வராது.

நன்றாகக் காய்த்த தக்காளிச் செடியில் முதல் தரமான பழம் ஒன்றைச் சாப்பிடாமல் செடியிலேயே முழுக்கப் பழுக்க விட வேண்டும். அறுத்து, விதையை அதன் வழவழப்போடு ஒரு கிண்ணத்தில் வழித்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நாள் விட்டுவிட வேண்டும். மேலே மெல்லிய பூஞ்சைப் படலம் கட்டும், லேசாக நாற்றம் வரும். பயப்பட வேண்டாம். முளைப்பைத் தடுக்கும் அந்த வழவழப்பு அப்படித்தான் கரையும். நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அலசி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்க வராது. சரியாகக் காய்ந்த தக்காளி விதை நான்கைந்து ஆண்டு முளைக்கும். வெங்காய விதை அப்படி இல்லை, அடுத்த பருவத்துக்குள் போட்டுவிட வேண்டும். இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய முதல் தலைமுறை ஹைப்ரிட் ரகத்தில் விதை எடுத்தால் அடுத்த முறை தாய்ச்செடி மாதிரி வராது. அதனால் நாட்டு ரகமாகப் பார்த்துத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் நன்றாகத் தாக்குப்பிடித்த செடியிலிருந்தே விதை எடுத்தால், சில ஆண்டுகளில் அந்த ரகம் உங்கள் மண்ணுக்கும் உங்கள் வெயிலுக்கும் பழகிவிடும்.

இந்தக் கைவேலையின் மதிப்பு எவ்வளவு தெரியுமா? இரண்டாம் உலகப் போரில், 1941 முதல் 1944 வரை சோவியத் நகரமான லெனின்கிராட் ஜெர்மன் படையின் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது, அங்கிருந்த பயிர் ஆராய்ச்சி நிலையமான வாவிலோவ் நிறுவனத்தின் விதைச் சேமிப்பைக் காத்த விஞ்ஞானிகளில் சிலர் பசியால் இறந்தார்கள். சுற்றிலும் அரிசியும் பயறும் மூட்டையாக இருந்தன. விதை என்பதால் தொடவில்லை. அவர்கள் உயிரைக் கொடுத்துக் காத்ததை, ஒரு கிண்ணமும் ஒரு தட்டும் இருந்தால் நாம் வீட்டில் செய்யலாம்.

மட்கு உரம், மூடாக்கு, மழைநீர் எல்லாம் பாக்கி இருக்கின்றன. நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர் தண்ணீர் என்பதில் தொடங்கி, என் அணியின் அடுத்த பேச்சாளர் அவற்றைச் சொல்வார். அதற்கு முன்னால் எதிரணியிலிருந்து வரப்போகும் நண்பர் எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். செய்யவும் தெரிந்து, எதை வாங்குவது என்றும் தெரிந்த குடும்பத்துக்கு, வாங்க மட்டுமே தெரிந்த குடும்பத்தைவிட எந்த விதத்தில் குறை வந்துவிடுகிறது? அப்படி ஒன்றை அவர் எடுத்துக் காட்டட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.