பழைய ஆண்ட்ராய்டுக்காக எழுதிய நிரலை எப்படிக் கழற்றுவது?

(காட்சி: பாம்பன் தெற்குவாடி. மீன் கூடைகள், ஏலம், கையில் போனோடு ஒரு வியாபாரி.)

வணக்கம். ஒரு செயலியிலிருந்து பழைய இயங்குதளங்களுக்கான சப்போர்ட்டை எப்போது எடுக்கலாம், எப்படி எடுக்க வேண்டும்? ராமநாதபுரம் கடற்கரை மக்களுக்காகச் செயலி எழுதுகிறவர்களையும், எழுதக் கற்றுக்கொண்டிருப்பவர்களையும் நினைத்து இந்த வீடியோவைச் செய்திருக்கிறோம்.

விளக்குவதற்கு ஒரு கற்பனைச் செயலியை வைத்துக்கொள்வோம். ஏல வியாபாரி அதில் படகு வாரியாகக் கணக்கு எழுதுகிறார்: என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை, படகுக்காரருக்கு முன்பே கொடுத்த அட்வான்ஸில் எவ்வளவு கழிந்தது. படகுக்காரர் அதே செயலியில் தன் கணக்கைப் பார்க்கிறார். காற்று, அலை எச்சரிக்கையும் அதிலேயே வருகிறது. இன்று ஆண்ட்ராய்டு 5 முதல் எல்லாப் போனிலும் அது ஓடுகிறது. இனி ஆண்ட்ராய்டு 8 முதல் போதும் என்று முடிவு செய்கிறோம்.

(திரையில்: 21 என்ற எண் 26 ஆக மாறுகிறது.)

நிரலுக்குள் ஆண்ட்ராய்டு 5-க்கு எண் 21, ஆண்ட்ராய்டு 8-க்கு எண் 26. செயலியைக் கட்டும் அமைப்புகள் உள்ள பில்ட் கோப்பில், எந்தப் பதிப்பு முதல் ஓடும் என்று சொல்லும் இந்த ஓர் எண்ணை மாற்றினால் பழைய போன்களுக்கு அடுத்த அப்டேட் போகாது. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பழைய போனுக்காக எழுதிய நிரல் எல்லாம் அப்படியே உள்ளே கிடக்கும்.

எச்சரிக்கை அனுப்பும் பகுதியைத் திறந்து பார்ப்போம். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-ல் நோட்டிஃபிகேஷன் சேனல் என்ற ஏற்பாடு அறிமுகமானது. ஒலி, அதிர்வு, முக்கியத்துவம் எல்லாவற்றையும் சேனலில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய போன்களில் ஒவ்வோர் அறிவிப்போடும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆகவே புயல் எச்சரிக்கைக்கு நிரலில் இரண்டு பாதைகள். புதிய பாதை குழுவில் எல்லோருடைய போனிலும் தினமும் ஓடுகிறது. பழைய பாதையை எப்போதாவது ஒருமுறை எமுலேட்டரில், அதாவது கணினிக்குள் ஓடும் போலிப் போனில், பார்ப்பதோடு சரி. அங்கே ஒலி வராமல் போனால் நமக்குத் தெரியாது. படகில் இருப்பவரும் சொல்ல மாட்டார். வராத எச்சரிக்கையைப் பற்றி யார் புகார் செய்வார்? சோதித்துப் பார்க்காத சப்போர்ட்டை இருக்கிறது என்று சொல்லி வைத்திருப்பது, இல்லை என்று நேராகச் சொல்வதைவிட ஆபத்து. பழையதை எடுத்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது, சர்வரோடு பேசுவது. சர்வர் உண்மையானதுதான் என்று போனுக்குக் காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ்களை நிறைய சிறிய சர்வர்கள் நம்பியிருக்கின்றன. அவற்றைச் சரிபார்க்கப் போனில் இருக்க வேண்டிய மூலச் சான்று ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில் கிடையாது. அந்தப் போன்களுக்காக இருந்த மாற்று வழியும் 2024 செப்டம்பர் 30-ல் காலாவதியானது. இனி அவற்றைத் தாங்க வேண்டுமென்றால் மூலச் சான்றைச் செயலிக்குள் வைத்தே அனுப்ப வேண்டும். ஆண்ட்ராய்டு 7 முதல் அதற்கு ஓர் அமைப்புக் கோப்பு போதும். 5, 6 இரண்டுக்கும் நாமே நிரல் எழுத வேண்டும். பணக்கணக்கு போகும் வழியில் அப்படிக் கைவேலையாக எழுதிய பாதுகாப்பு நிரல் ஒன்றை யாரும் பார்க்காமல் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

(காட்சி: ஐஸ் கம்பெனி அலுவலகம், மேசையில் பழைய கணினி.)

மேசைக் கணினியிலும் இதே கதைதான். கணினி தொடங்கி எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்று சொல்லும் பழைய விண்டோஸ் ஃபங்ஷன் ஒன்று உண்டு. அது 32 பிட் எண் என்பதால் 49.7 நாளில் நிறைந்து, மறுபடி பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். 64 பிட் ஃபங்ஷன் விண்டோஸ் விஸ்டாவில்தான் வந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியையும் தாங்க நினைத்தவர்கள் என்ன செய்தார்கள்? புதிய ஃபங்ஷன் இருக்கிறதா என்று ஓடும்போதே தேடு, இல்லையென்றால் பழையதைக் கூப்பிடு, நிறைந்து திரும்பியதா என்று கணக்குப் பார். அந்தக் கணக்கு தப்பினால் 50 நாள் அணைக்காமல் ஓடும் கணினியில்தான் தெரியும். இரவு பகலாக ஓடும் ஐஸ் கம்பெனிக் கணினிக்கு அது நடக்கக்கூடியதுதான். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்துவிட்டது. அதை விட்டால் இத்தனையும் ஒரே வரி.

பெரிய திட்டங்களும் இப்படிக் கழித்துத்தான் வந்திருக்கின்றன. 2020-ல் வந்த பைதான் 3.9 விண்டோஸ் 7-ல் ஓடாது. 386 சிப்புள்ள கணினிக்காக 1991-ல் பிறந்த லினக்ஸே, 2013-ல் வந்த 3.8 பதிப்பில் அந்த 386-ஐ விட்டது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில், யார் இன்னும் பழைய போனில் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். செயலியை வெளியிடப் பயன்படும் கூகுளின் பிளே கன்சோல், ஆண்ட்ராய்டு பதிப்பு வாரியாகக் கணக்குக் காட்டும். ஆனால் நம் கடற்கரையில் கடைசி மாதக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் படகுப் போன் வீட்டில் சும்மா கிடக்கும். எனவே ஒரு முழு வருடத்துக் கணக்கை எடுங்கள். இன்னொன்று, படகில் ஒரே போனில் வரும் எச்சரிக்கையை படகில் இருக்கும் எல்லோரும்தான் கேட்கிறார்கள். பட்டியலில் அது ஒரு போன் என்றாலும், ஒன்றுதானே என்று தள்ள முடியாது.

பிறகு பில்ட் கோப்பில் அந்த எண்ணை மாற்றுங்கள். அது மட்டும் தனி கமிட், அதாவது கிட்டில் தனியாகச் சேமிக்கும் ஒரு மாற்றம். அதில் வேறு எதையும் தொடாதீர்கள்.

அடுத்தது கழற்றும் வேலை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் நிரலைச் சோதிக்கும் லிண்ட் என்ற கருவி, இனி எப்போதும் உண்மையாகவே இருக்கும் பதிப்புச் சோதனைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். எச்சரிக்கை ஒரு கமிட், அனுமதி கேட்பது ஒரு கமிட், சான்றிதழ் ஒரு கமிட் என்று பிரித்துச் செய்யுங்கள். "26-க்குக் கீழே என்றால்" என்று தலைகீழாக எழுதிய சோதனைகளில் கவனம் தேவை. அங்கே வைத்துக்கொள்ள வேண்டியது எல்ஸ் பக்கம், அதாவது "இல்லையென்றால்" என்ற பகுதி. அவசரத்தில் மேல் பக்கத்தை வைத்துவிட்டால், செயலி பில்ட் ஆகும், ஓடவும் செய்யும், எச்சரிக்கை மட்டும் வராது. நீக்கும் நிரலைக் கமென்ட்டாக மாற்றி வைக்க வேண்டாம். மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் வரலாறு பத்திரமாக இருக்கிறது.

முடித்ததும் இரண்டாவது சுற்று போங்கள். நீக்கிய பாதைகள் மட்டுமே கூப்பிட்டுக்கொண்டிருந்த ஃபங்ஷன்கள் இப்போது அநாதையாக நிற்கும். அந்தப் பாதைகளுக்காக மட்டும் சேர்த்த லைப்ரரிகளும் அப்படித்தான். பழைய எமுலேட்டரில் ஓடும் டெஸ்ட், உதவிப் பக்கத்தில் "ஆண்ட்ராய்டு 5 முதல்" என்ற வரி, எல்லாம் போக வேண்டும். பெயரில் வி23 (ஆண்ட்ராய்டு 6-ன் எண்) என்று முடியும் ரிசோர்ஸ் ஃபோல்டரில் இருப்பதைப் பொது ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, அந்த ஃபோல்டரையும் நீக்குங்கள்.

(திரையில்: "இதைத் தொடாதீர்கள்")

ஒன்றை மட்டும் நீக்கக் கூடாது. பழைய இயங்குதளம் வேறு, பழைய தரவு வேறு. ஒருவர் புதுப் போன் வாங்கி, பழைய போனில் எடுத்த பேக்கப்பை அதில் ஏற்றுவார். அந்தப் பழைய வடிவத்தைப் படித்து மாற்றும் நிரல் கண்டிப்பாக இருக்க வேண்டும். அட்வான்ஸ் பாக்கி வருடக்கணக்காக ஓடும் தொழில் இது. அந்தக் கணக்கு காணாமல் போனால் வியாபாரிக்கும் படகுக்காரருக்கும் நடுவே சண்டைதான் மிஞ்சும்.

கடைசியாக, தேதி. தடைக்காலத்தில் நிறுத்தாதீர்கள், கையில் காசு இல்லாதபோது யாரும் போன் மாற்ற மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரத்தில் கை வைக்கக் கூடாது. என் யோசனை, தடை முடிந்து மீன்பாடு வரத் தொடங்கும் ஜூலையில் செயலிக்குள்ளேயே தமிழில் அறிவியுங்கள். ஜனவரிக்குப் பிறகு, அடுத்த தடைக்காலத்துக்கு முன் நிறுத்துங்கள்.

நிறுத்திய பிறகும் பழைய போனில் கடைசிப் பதிப்பு இருக்கும். அது பேசும் சர்வர் வழியை உடனே மூடிவிட வேண்டாம். குறைந்தது அடுத்த புயல் பருவம் தாண்டும்வரை திறந்து வைத்து, மூடும் தேதியை அந்தக் கடைசிப் பதிப்பின் முகப்பிலேயே போடுங்கள். போன் மாற்றாதவர்களின் எண்ணுக்குக் காற்று எச்சரிக்கையை எஸ்எம்எஸ்ஸாக அனுப்புங்கள். பட்டன் போனிலும் அது வரும். அந்த எஸ்எம்எஸ் நிரலை அடுத்த வீடியோவில் எழுதிக் காட்டுகிறோம்.