எந்தப் பேச்சு சிகிச்சைக்குப் போவது?

நண்பர்களே, வணக்கம்.

மனநலம் பற்றி எந்தக் கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கினாலும் யாராவது ஒருவர் ஓரமாக வந்து கேட்பார்: "கவுன்சலிங் போகலாம்னு இருக்கேன். சிபிடின்னு ஒண்ணு சொல்றாங்க, சைக்கோஅனாலிசிஸ்னு ஒண்ணு சொல்றாங்க. எதுக்குப் போறது?" நின்றபடி சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. இன்று அதைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் தெம்பு தரும் செய்தி. 1936இலேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற உளவியலாளர் ஒன்றைக் கவனித்தார். ஒன்றோடொன்று சண்டை போடும் சிகிச்சை முறைகள் எல்லாமே பலன் தருகின்றன; அப்படியானால் அவற்றுக்குள் பொதுவாக ஏதோ வேலை செய்கிறது என்றார். அந்தப் பொதுவான ஒன்றை எட்வர்ட் போர்டின் 1979இல் தெளிவாக்கினார். சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் இடையே பிணைப்பு இருக்க வேண்டும். எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்ற இரண்டிலும் இருவருக்கும் உடன்பாடு வேண்டும்.

மனச்சோர்வுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் மனப்பகுப்பாய்வில், அதாவது ஆழ்மனதைத் துருவிப் பார்க்கும் சைக்கோஅனாலிசிஸில், பயிற்சி பெற்றவர். 1960களில், சோர்ந்திருப்பவர்களின் மனதில் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது போன்ற எண்ணங்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார். அந்த எண்ணம் உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் சிபிடி. பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள், எண்ணங்களைக் கட்டம் போட்டு எழுதிப் பார்ப்பது போன்ற வீட்டுப்பாடமும் உண்டு. இன்னொரு முறை ஐபிடி, அதாவது உறவுகளை மையமாகக் கொண்ட சிகிச்சை. இதில் எண்ணங்களைத் துருவுவதில்லை. இழப்பு, உறவில் பிணக்கு, வாழ்க்கையில் பெரிய மாற்றம், தனிமை, இவற்றில் எது உங்களை அழுத்துகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டுமே மனச்சோர்வுக்கு உதவுகின்றன. துணையை இழந்து ஆறு மாதமாகத் துவண்டிருப்பவருக்கு எண்ணங்களைக் கட்டம் போட்டு எழுதுவது எரிச்சலாக இருந்தால், அவர் ஐபிடி பக்கம் போகட்டும். அதில் தவறே இல்லை.

ஆனால் "எதுவானாலும் சரி" என்று சொல்லக்கூடாத இடங்கள் உண்டு. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் ஆண்டுக்கணக்கில் வீணாகத் தவிக்கிறார்கள்.

ஓசிடியை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாத எண்ணம் விடாமல் துரத்த, அதைத் தணிக்க ஒரே செயலைச் சடங்கு போலத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய் அது. கதவைப் பூட்டினேனா என்று ஒருவர் இருபது முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறார். ஆலோசகர் பரிவோடு கேட்டு, "பூட்டியிருப்பீர்கள், கவலைப்படாதீர்கள்" என்கிறார். அந்த நிமிடம் நிம்மதி. மறுநாள் இன்னும் பத்து நிமிட நிம்மதிக்காக மறுபடி யாரையாவது கேட்கத் தோன்றும். ஆறுதலும் ஒரு சடங்காகிவிடுகிறது. நோய் அதைத் தின்று வளர்கிறது. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இதற்கு நேரெதிரான வழியைக் காட்டினார்: பயப்படும் சூழலை எதிர்கொள்ள வைப்பது, ஆனால் சடங்கைச் செய்யாமல் இருக்க வைப்பது. பூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பது. பதற்றம் ஏறும், திரும்பிப் போகாமலே அது தானாக இறங்கும் என்று உடம்பே கற்றுக்கொள்ளும். இஆர்பி என்பார்கள். படிப்படியாக, நோயாளியின் சம்மதத்தோடு செய்வது. ஓசிடி இருப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இஆர்பி செய்வீர்களா?" என்பதே.

விபத்தோ வன்முறையோ மனதில் உறைந்து, இரவெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அந்த நினைவையே நேராகக் கையாளும் முறை வேண்டும். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிபிடியையும், கண்களை இடவலமாக அசைத்தபடி அந்த நினைவைக் கையாளும் இஎம்டிஆர் முறையையும் (1987இல் அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ தொடங்கியது) உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு உணர்ச்சிகள் கொந்தளிப்பவர்களுக்காக மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் உருவாக்கிய சிகிச்சை முறை டிபிடி. தனி அமர்வு, குழுப் பயிற்சி, நெருக்கடியில் தொலைபேசி உதவி எல்லாம் சேர்ந்தது அது. அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்து "டிபிடி தருகிறேன்" என்பவர்களும் இருக்கிறார்கள். விசாரித்துக்கொள்ளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்திருந்தால் தெரபியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை.

முதல் அமர்வில் கூச்சப்படாமல் கேளுங்கள். "என் பிரச்சினைக்கு என்ன முறை பயன்படுத்துவீர்கள்? ஏன் அது? எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும்? தெரியாவிட்டால் என்ன செய்வோம்?" இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் மனதைத் திறப்பது கடினம். ஐந்தாறு அமர்வுக்குப் பிறகும் அசைவே இல்லையென்றால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். "இது எனக்கு உதவுவதாகத் தெரியவில்லை" என்று அவரிடமே சொல்லுங்கள். நல்ல சிகிச்சையாளர் முறையை மாற்றுவார், அல்லது வேறொருவரிடம் அனுப்புவார்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். யாராவது போய்விட்டு வந்து "எனக்குச் சரிப்படல" என்றால், "நீ ஒத்துழைக்கல" என்று சொல்லிவிடாதீர்கள். சரிப்படாதது ஆளா, முறையா என்று கேளுங்கள். அடுத்தவரைத் தேட அவரோடு கூட உட்காருங்கள்.