கேட்காமலே கிடைப்பது

நேயர்களுக்கு வணக்கம். இரக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். இரக்கம் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது நம்மிடம் நிறையவே இருக்கிறது. எங்காவது வெள்ளம் என்றால் மறுநாளே லாரியில் பாயும் போர்வையும் பிரெட்டும் கிளம்பிவிடுகின்றன. எனக்குச் சொல்ல இருப்பது வேறு. வாங்கிக்கொள்கிறவர் கூசிப்போகாதபடி கொடுக்க நமக்குத் தெரிகிறதா என்பதுதான் அது. காலமெல்லாம் அரசுப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் கண் அங்கேதான் போகும்.

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். இப்போது பல ஊர்களில் சாலையை அகலப்படுத்தும்போது பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் வைப்பது அது. அவள்தான் சுமையை இறக்காமல் போய்விட்டாள், வழியில் போகிறவர்களாவது இறக்கி வைக்கட்டும் என்ற எண்ணம்.

அந்தக் கல்லின் உயரத்தைக் கவனியுங்கள். தலையில் விறகுக்கட்டோடு தனியாக நடக்கிற ஒரு அம்மாவுக்குச் சுமையை இறக்க ஒரு ஆள் வேண்டும், மறுபடி தூக்கிவிடவும் ஒரு ஆள் வேண்டும். ஆளில்லாத சாலையில் யாரைக் கூப்பிடுவார்? தரையில் போட்டுவிட்டால் தனியாகத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. சுமைதாங்கியோ ஏறக்குறையத் தோள் உயரம். கொஞ்சம் குனிந்து நகர்த்தினால் கட்டு கல்லின் மேல் உட்கார்ந்துவிடும். களைப்பு தீர்ந்ததும் தலையை அண்டக் கொடுத்துத் தானே எடுத்துக்கொண்டு போய்விடலாம். யாரிடமும் கெஞ்ச வேண்டாம், யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம். குளக்கரைகளில் மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சு கல்லும் இந்த வகைதான். யாழ்ப்பாணத்துப் பக்கமும் அது உண்டு. மாடு யாரிடம் போய் மனு கொடுக்கும்?

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது நம் ஊரில் ரொம்ப நாளைக்கு முன்பே தெரிந்த சங்கதி. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. 1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். அரசு ஒரு பங்கு போட, ஊர்க்காரர்களும் அரிசியாகவும் பருப்பாகவும் விறகாகவும் கொடுத்தார்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். அப்புறம் முட்டை வந்தது.

இவ்வளவு நல்ல காரியத்துக்குள்ளும் ஒரு சின்ன முள் இருந்தது. அதுதான் தட்டு. சத்துணவு சாப்பிடுகிற பிள்ளை வீட்டிலிருந்து தட்டு கொண்டுவரும். துணிப்பைக்குள் புத்தகத்தோடு அலுமினியத் தட்டும் கிடக்கும். நடந்தால் சிலேட்டில் இடித்து ஓசை வரும். மணி அடித்ததும் டிபன் பாக்ஸ் பிள்ளைகள் மரத்தடிக்குப் போவார்கள், தட்டுப் பிள்ளைகள் வரிசைக்குப் போவார்கள். ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் சில பெண் பிள்ளைகள் தட்டைக் கொண்டுவருவதை நிறுத்திவிடுவார்கள். கேட்டால், “பசிக்கல சார்” என்பார்கள். முகத்தைப் பார்த்தாலே காலையிலும் சாப்பிடவில்லை என்று தெரியும்.

எங்கள் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்த அம்மா இதற்கு ஒரு வழி செய்தார். பழைய மாணவர்களிடம் சொல்லி, ஒரே மாதிரியான எவர்சில்வர் தட்டுகளை வாங்கிச் சமையலறையிலேயே அடுக்கிவிட்டார். டிபன் பாக்ஸ் கொண்டுவரும் பிள்ளைகளுக்கும், “ரெண்டு வாய் சாம்பார் சாதம் வாங்கிக்கோங்க கண்ணு” என்று அதே தட்டில் போடுவார். கொஞ்ச நாளில் யார் எந்தப் பக்கம் என்ற கோடு கலைந்துபோனது. ‘பசிக்கல’ என்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மா இரக்கத்தைப் பற்றி எங்கும் பேசி நான் கேட்டதில்லை. பேச்சென்றால் பெரும்பாலும் கேஸ் சிலிண்டர் வரவில்லை என்ற பேச்சுதான்.

அதனால்தான் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவுத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ அல்ல. ஒன்று முதல் ஐந்து வரை அந்தப் பள்ளியில் படிக்கிற எல்லோருக்கும் உண்டு என்று வைத்தார்களே, அதுதான். யார் ஏழை என்று பெயர் எழுதிப் பிரிக்கிற வேலையே இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் எதற்கு, வீண் செலவு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் மானம் காப்பாற்றப்படுகிறதே, அதற்கு ஆகும் செலவு அது.

ஆனால் எல்லோருக்கும் என்று அறிவித்துவிட்டால் ஊர் மாறிவிடுமா? 2023-இல் அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைத்ததால் தங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று பெற்றோர் சிலர் நின்றார்கள். அமைச்சரும் எம்.பி.யும் அந்தப் பள்ளிக்கே வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கரூர் மாவட்டத்திலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. காமராஜர் இலையைப் போட்ட ஊருக்குப் பக்கத்தில் அறுபத்தேழு ஆண்டு கழித்து இந்த நிலை. ஏழைக்குக் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுகிறோம். அந்த ஏழையின் கையால் வாங்கிச் சாப்பிடச் சொன்னால் நமக்கு வயிறு சரியில்லாமல் போய்விடுகிறது. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டு, அதே டம்ளரில் பாசமாகக் காப்பியும் ஊற்றிக் கொடுக்கிறோமே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வகுப்பறைக்குள்ளும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதை ஆசிரியர்கள் கேட்டால் நல்லது. உதவித்தொகைப் படிவம் வந்ததும், “எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எழுந்திருங்க, எம்.பி.சி. பிள்ளைங்கல்லாம் கையைத் தூக்குங்க” என்று கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. கேட்கிறவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மாலைக்குள் பட்டியல் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். எழுந்து நிற்கிற பிள்ளைக்கு அது மாலையோடு முடிகிற விஷயமா? அந்த விவரம் முழுக்கச் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஆசிரியரே எழுதிவிடலாம். சோம்பலை விட்டாலே பாதி இரக்கம் வந்துவிடும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

வெளியில் நடப்பதையும் பார்க்கிறோம். ஒரு பாக்கெட் அரிசியைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்கிறார்கள். வாங்குகிற பாட்டி கேமராவைப் பார்க்கிற வரைக்கும் பையை விடுவதில்லை. சங்கங்களுக்குக் கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பையை மட்டும் படம் எடுங்கள், மளிகைக் கடை ரசீதை எடுங்கள். பாட்டியின் முகம் எதற்கு? அவர் பேரன் படிக்கிற பள்ளியில் நாளைக்கே அந்தப் படம் எல்லோர் செல்போனிலும் சுற்றும். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. வருகிறவரை நீ யார், எந்த ஊர், என்ன சாதி என்று அங்கே கேட்பதில்லை. பசியோடு வந்தால் சோறு.

கடைசியாக ஒன்று. சுற்றுலாவுக்கும் ஆண்டு விழா உடைக்கும் பணம் வசூலிக்கிற காலம் வரும். கட்ட முடியாத பிள்ளை அன்றைக்கு ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பழுப்பு உறை கொடுத்துவிடுவார். பெயர் எழுதக் கூடாது, முடிந்ததைப் போட்டு ஒட்டிப் பெட்டியில் போட வேண்டும், வெறும் உறையாக இருந்தாலும் போட வேண்டும். எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். வசதியுள்ள பெற்றோர் சிலர் இதைப் புரிந்துகொண்டு கூடவே போடுகிறார்களாம். போடாமல் ஏமாற்றுகிறவர்களும் இருப்பார்களே என்று கேட்டேன். “இருக்கட்டும் சார், அந்தப் பிள்ளையும் டூருக்குத்தானே வருது” என்றார். எப்படியும் துண்டு விழும். அதை ஆசிரியர் அறையில் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், கொஞ்சம் முணுமுணுப்போடுதான்.

வணக்கம்.